ரேவதிக்கு நாற்பது பைசா

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு பீரோ நிறைய நன்கொடைப் புத்தகங்கள். அடுக்கித் தருகிறேன் என்று நானாகத்தான் தலையைக் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு வீண். அட்டையில் முதலில் இருந்த எழுத்தை வைத்து அடுக்கியதில் பாதிப் புத்தகம் 'எஸ்' தட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. எழுத்தாளர்களை விட்டுவிட்டு அவர்களின் அப்பாக்களை அடுக்கியிருக்கிறேன்! இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் தள்ளச் சொன்னவர் இரண்டாம் மாடி அக்கா. கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தாளர் பெயரை அகரவரிசை மாறாமல் ஓர் எழுத்தும் சில இலக்கமுமாகச் சுருக்கும் கட்டர் எண் போடவும் அவரே கற்றுக்கொடுத்தார்.

சார்லஸ் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் கொண்டுவந்த முறை அது. அக்காவிடம் இருந்தது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சின்ன அட்டவணை. பெயரை ஆங்கிலத்தில் எழுதி, முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த எழுத்துக்கு எண் போட வேண்டும். ராஜன், ஆர் 35. ராமன், ஆர் 36. ரங்கநாதனுக்கும் 36தான் வந்தது. இன்னொரு எழுத்து தள்ளிப்போய் 363, 364 என்று பிரித்தோம்.

எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933இல் வெளிவந்த, புத்தகங்களை வகை பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்புமுறையில் இலக்கியத்துக்கு எழுத்தாளர் பிறந்த ஆண்டை வைத்து எண் போடுவார்கள். சரி, எங்கள் பீரோவில் இருக்கும் மாத நாவல்காரர்கள் பிறந்த ஆண்டுக்கு நான் எங்கே போவது?

அப்புறம்தான் பெரிய தப்பு. ரேவதிக்கு ஆர் 4 வந்தது. நாலு சின்ன எண்தானே என்று ராஜனுக்கு முன்னால் வைத்தேன். அக்கா எடுத்து ரவிக்குப் பின்னால் சொருகினார். ரவி 38.

"தம்பி, இது கதவு நம்பர் இல்ல, பைசா. புள்ளி நாலுன்னா நாப்பது பைசா. முப்பத்தெட்டுக்கு அப்புறம்தானே வரும்?"

தசமம் என்பதால் நடுவில் எத்தனை பேர் வந்தாலும் ஓர் இலக்கம் கூட்டி இடம் கொடுத்துவிடலாம். ஒட்டிய சீட்டு எதையும் கிழிக்க வேண்டாம்.

லட்சுமிதான் கடைசிவரை படுத்தினார். ஒரே எழுத்தாளர், ஒரு புத்தகத்தில் ஆங்கிலப் பெயர் 'கே' போட்டு, இன்னொன்றில் 'எக்ஸ்' போட்டு. முன்னது எல் 35, பின்னது எல் 39. இரண்டுக்கும் நடுவே அரைத் தட்டு. 35தான் என்று முடிவு செய்து, 39இல் 'அங்கே பார்க்கவும்' என்று ஓர் அட்டையைச் செருகினோம்.

திரும்பி வரும் புத்தகங்களை இப்போது வாட்ச்மேன் அண்ணன்தான் அடுக்குகிறார். பைசாக் கணக்கு என்றதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.