சாரி சொன்னால் மன்னிப்பு கேட்பதாக மட்டும்தான் அர்த்தமா?

ஒருவர் வீட்டில் சாவு. விஷயம் கேள்விப்பட்ட ஆங்கிலம் பேசும் நண்பர் 'ஐ ஆம் சாரி' என்கிறார். உடனே 'அச்சச்சோ, நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க, நீங்க என்ன பண்ணீங்க' என்று பதறுபவர்கள் உண்டு. அவர் மன்னிப்பே கேட்கவில்லை. உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு என்கிறார், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லின் வேரைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். துயரத்தைக் குறிக்கும் 'சாரோ'விலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள், ஒலியும் பொருளும் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஆனால் வேர் அது இல்லை. புண், வலி என்று பொருள்படும் 'சோர்' இருக்கிறதே, அதுதான் இதற்குச் சொந்தம். முதலில் வலி, மன்னிப்பு எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது. 'ஃபீல் சாரி' என்றால் இரக்கம், 'சாரி ஸ்டேட்' என்றால் பரிதாபமான நிலை. காதில் சரியாக விழாதபோது கேள்வியாக இழுத்து 'சாரி?' என்றால் 'என்ன சொன்னீங்க?'.

வருத்தமா, தவறை ஒப்புக்கொள்வதா என்ற இந்த இரட்டைப் பொருள் சின்ன விஷயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டு போன கொடுமைக்கு, 1999-இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானத்தில் வருத்தம் என்று பொருள்படும் 'ரிக்ரெட்' இருந்தது, 'சாரி' இல்லை. அந்த ஒரு சொல்லை நாடாளுமன்றத்தில் அடுத்து வந்த பிரதமர் கெவின் ரட் வாயால் கேட்க அந்த மக்கள் 2008 பிப்ரவரி 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனடாவின் ஒன்டாரியோவிலோ, சாரி சொன்னதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக சிவில் வழக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2009-இல் சட்டமே போட்டார்கள். எனக்கு அது நல்ல சட்டமாகத்தான் படுகிறது, வழக்குக்குப் பயந்து மனிதர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லையே.

எனக்குப் பிடிக்காதது 'நீங்க புண்பட்டிருந்தா சாரி' என்பதுதான். அந்த 'இருந்தா' வந்ததும் செய்தவர் மெல்ல நழுவிவிடுகிறார், புண்பட்டவர் தலையில் பழி விழுகிறது. 'நான் அப்படிப் பேசினதுக்கு சாரி' என்று செய்ததைச் சொல்லி மன்னிப்பு கேளுங்கள்.

சரி, துக்கத்தில் ஒருவர் 'சாரி' சொன்னால் என்ன பதில் சொல்வது? 'பரவாயில்லை' வேண்டாம், 'தேங்க் யூ' போதும்.