தூக்குக்குண்டு வேண்டாம் என்றார்கள்

சுவர் சாய்வாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னபோது, என் மலையாளத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தென்காசியிலிருந்து கொச்சிக்கு வந்து 22 ஆண்டுகளாகின்றன. கொத்தனார் வேலைக்குப் போதுமான மலையாளம் எனக்கு உண்டு. ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை எந்த வீட்டுக்காரரும் என்னிடம் சொன்னதில்லை.

2012இல் கொச்சியில் பினாலே என்ற கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து, அது நடக்கும் பருவத்தில் ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் எங்களுக்குச் சில்லறை வேலைகள் கிடைக்கும். தடுப்புச் சுவர், பூச்சு, வெள்ளையடிப்பு. இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டவர்கள், அந்தப் பெண்ணையும் சேர்த்து, அதில் சேராத நான்கைந்து இளைஞர்கள். தங்கள் கலைக் காட்சிக்காகப் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மிளகு போய் எத்தனை காலமோ, நெடி மட்டும் போகவில்லை.

9 அங்குலச் சுவர், ஆறடி உயரம், உச்சியில் 10 செ.மீ. வெளியே சாய வேண்டும். டேப் வைத்துக்கொள்ளலாம், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கூடாது. "குண்டு பைக்குள்ளேயே இருக்கட்டும் அண்ணாச்சி, வெளியே எடுக்க வேண்டாம்" என்றாள். விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயமில்லை. உச்சி ஏறக்குறைய சுவரின் கனம் அளவுக்கு வெளியே வந்தால்தான் கவிழும். 20 வரிசைக் கல், வரிக்கு 5 மி.மீ. தள்ளி வைத்தால் கணக்கு முடிந்தது.

கணக்கு மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. மூன்றாவது வரியிலேயே கரணையின் பிடியால் தட்டித் தட்டிக் கல்லை உள்ளே தள்ளியிருந்தேன். டேப்பை வைத்துப் பார்த்தால், தள்ளி வைத்த 5 மி.மீ. காணாமல் போயிருந்தது. பிரித்து மறுபடி வைத்தேன். என் சித்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தபோது, "அவர்கள்தான் இப்படிக் கேட்டார்கள்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

மூலையில் ஒரு பையன் உட்கார்ந்து தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கல் கணக்கு எழுதுகிறான் என்று நினைத்தேன்.

தேநீர் நேரத்தில் அந்தப் பெண் ஒரு கதை சொன்னாள். கார்ல் ஆன்ட்ரே என்ற அமெரிக்கச் சிற்பி, 1966இல் 120 செங்கற்களைத் தரையில் இரண்டு அடுக்காகப் பரப்பி, இதுதான் சிற்பம் என்றாராம். கலவைகூடக் கிடையாது. பிற்பாடு வேறு கற்களால் மறுபடி செய்த அதை லண்டன் டேட் அருங்காட்சியகம் வாங்கியது தெரிந்து, 1976இல் பத்திரிகைகள் கொதித்தனவாம். நியாயம்தான், எனக்கு அது அரைமணி வேலை. ஆனால் முதலில் அதை யாரும் வாங்காததால், அந்த மனிதர் முதல் கற்களை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது. மிச்சக் கல்லைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவன் வேலைக்காரன்.

சுவர் முடிந்தது. கூலியைப் பேசியபடியே கொடுத்தார்கள், குறையில்லை. காட்சி தொடங்கும் நாளன்று வரச் சொன்னார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சுவருக்கு அடியில் அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்; வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். கோவில்கூட இவ்வளவு அமைதியாக இருக்காது.

பக்கத்தில் ஒரு சிறிய அட்டை. அந்தப் பையன் எனக்குப் படித்துக் காட்டினான்: "செங்கல், சிமென்ட், மணல், ஒரு கொத்தனாரின் கை. அந்தக் கை தூக்குக்குண்டைத் தேடியது 43 முறை."

அவன் போட்ட கோடுகள் கல் கணக்கு அல்ல. என் கை இடுப்புப் பைக்குப் போய் வெறுமனே திரும்பிய கணக்கு.

கோபமா, வெட்கமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் குளிப்பதை எனக்குத் தெரியாமல் யாரோ பார்த்துவிட்டது போல ஒரு கூச்சம். "சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன். "சொல்லியிருந்தால் உங்கள் கை சும்மா இருந்திருக்கும் அண்ணாச்சி" என்றான். அது உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்து நாள் கழித்துச் சுவரை இடிக்கவும் என்னையே கூப்பிட்டார்கள். ஆளை அனுப்பினேன், நான் போகவில்லை.

நேற்று தோப்பும்படியில் ஒரு குளியலறைச் சுவர். இங்கே குண்டுக்குத் தடையில்லை. நூலைத் தொங்கவிட்டு, பார்த்து, சுருட்டிப் பையில் போட்டேன். பையிலிருந்து கையை எடுக்கும்போதுதான், எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் 11.