மோட்டார் வைத்த சைக்கிள்: 3,900 கிலோமீட்டர் ஓடிய பிறகு

காவேரிப்பட்டணத்தில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை. போக 12, வர 12 கிலோமீட்டர். வீட்டு ஸ்கூட்டர் காலையிலேயே மனைவியோடு கிளம்பிவிடும். மகன் தொடாமல் போட்டுவைத்த 26 இஞ்ச் சைக்கிள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. பொங்கல் முடிந்த கையோடு அதன் பின் சக்கரத்தில் மோட்டார் மாட்டினேன். இப்போது ஆடி. நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்: 158 நாள் வேலைக்குப் போய் வந்ததில் 11 முறை தகராறு. பஞ்சர் நான்கு, ஸ்போக்ஸ் கம்பி மூன்று, மழை இரண்டு, ஆக்சில் ஒன்று, பேட்டரி ஒயர் ஒன்று. மோட்டார் தானாகக் கெட்டது ஒருமுறைகூட இல்லை. “மோட்டார் எத்தனை நாள் வரும்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது சைக்கிளைப் பற்றி.

மாட்டியது 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார். பேட்டரி 10 ஆம்பியர்-அவர் லித்தியம். முதலில் ஆசைப்பட்டது பெட்ரோல் எஞ்சின் கிட்டுக்குத்தான். 80 சிசி என்று விற்பார்கள், பெரும்பாலும் உள்ளே இருப்பது 66 சிசிதான். ஆனால் 25 சிசியைத் தாண்டினாலே சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ் எல்லாம் கேட்கும். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் பேட்டரி சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதோடு அந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் உதறலில் நட்டு எல்லாம் தானாகவே கழன்றுகொள்ளும் என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. 1980இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50இல் மாங்காய் மூட்டை ஏற்றியவர் அவர். “பெடலை மிதிச்சு மிதிச்சு ஸ்டார்ட் பண்ணியே எனக்கு முட்டி போச்சு. நீ மறுபடியும் பெடலைத் தேடிப் போறியா?” என்றார். பதில் சொல்லவில்லை. ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் உருவாகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பழைய சைக்கிளை நோண்டுகிறேனே என்று எனக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

முதல் 340 கிலோமீட்டர் சுகமாகப் போனது. அப்புறம் பின்னால் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு கம்பி, ஹப்பில் மாட்டும் வளைவில் ஒடிந்திருந்தது. அடுத்த பத்து நாளில் இன்னொன்று, அதற்குப் பிறகு மூன்றாவது. ஹப் மோட்டார் தடிமனாக இருப்பதால் கம்பி குட்டையாகி, ரிம்மில் சாய்வாகப் போய்ச் சொருகும். மோட்டாரின் இழுப்பும் கேரியரில் இருக்கும் பேட்டரியின் எடையும் அந்த வளைவில்தான் போய் விழும். கிட்டோடு வந்தது 14 கேஜ் கம்பி. 36 கம்பியையும் கழற்றிவிட்டு 13 கேஜ் போட்டேன் (நம்பர் குறைந்தால் கம்பி தடிமன்). அந்த அளவு இங்கே கிடைக்காமல் சேலத்தில் இருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. கோட்டம் எடுத்துக் கொடுத்த கடைக்காரர், நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொன்னார். புதுக்கம்பி இளகும், இன்னொரு முறை இறுக்க வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். அதன்பிறகு கம்பி ஒடியவில்லை.

பஞ்சர்தான் பெரிய பாடம். சர்வீஸ் ரோட்டில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஒயர் இணைப்பை எடுத்து, 18 நம்பர் ஸ்பேனரில் நட்டைத் திருகி, வாஷர்கள் வரிசை மாறாமல் பார்த்து... முதல் முறை வேலைக்குப் போய்ச் சேரும்போது பத்தரை மணி. இரண்டாவது முறை ரோட்டோரம் பஞ்சர் ஒட்டுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சக்கரத்தை எதுக்கு சார் கழட்டணும்?” சைக்கிளைப் படுக்கப்போட்டு, டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, அப்படியே ஒட்டினார். பத்து நிமிடம். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்குள் பட்டையாக வைக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிறகு வந்த இரண்டும் பட்டை வைக்காத முன் சக்கரத்தில்.

பயந்தது ஒரே ஒரு நாள்தான். அணைக்குப் பிரியும் இடம் தாண்டி, நின்று கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மொத்தமாகத் திருகினேன். ‘கடக்’ என்றது. நட்டு இளகி இருந்திருக்கிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாகத் தன் ஆக்சிலையே சுற்றிக்கொண்டு, ஆக்சில் வழியே வரும் ஒயரை முறுக்கி அறுத்துவிட்டது. வீடுவரை மிதித்தே வந்தேன். மோட்டாரோடு 25 கிலோ சைக்கிளை மிதித்துப் பார்த்தால்தான் அந்த அருமை தெரியும். காயில் கட்டும் கடையில் ஒயரைப் பற்றவைத்தார்கள். லேத் பட்டறையில் 6 மில்லி இரும்புப் பட்டையில் ஆக்சில் அளவுக்குத் துளை அறுத்து, மறுமுனையை ஃப்ரேமோடு கிளாம்ப் போட்டுப் பிடித்தாயிற்று. இனி நட்டு இளகினாலும் ஆக்சில் சுற்றாது. கிட் பெட்டிக்குள் அந்தப் பட்டை ஏன் இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சித்திரையில் கோடை மழை. ஒரு நாள் நனைந்து நின்ற சைக்கிள் மறுநாள் அசையவே இல்லை. பேட்டரியில் 41 வோல்ட் காட்டுகிறது (36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 காட்டும்), லைட் எரிகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை. மோட்டாருக்குக் கரண்ட் விடும் கண்ட்ரோலர் போச்சு என்று முடிவு கட்டினேன். கடைசியில் பார்த்தால் பிரேக் லீவரில் இருக்கும் சின்ன சுவிட்சுக்குள் தண்ணீர். பிரேக் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த ஒயரைப் பிடுங்கியதும் ஓடியது. காய்ந்த பிறகு மறுபடி சொருகினேன். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பேட்டரி ஒயர் கதை சின்னது. குலுங்கிக் குலுங்கி கனெக்டர் தளர்ந்துவிட்டது, மாற்றினேன்.

காலையில் 42 வோல்ட்டில் கிளம்பினால் மாலை வீடு வரும்போது 37 இருக்கும். இந்த மாதம் 35.5தான். பேட்டரி தேய்ந்துவிட்டதோ என்று பார்த்தால், திரும்பும்போது ஆடிக்காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. ஆவணி பிறந்ததும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை, முன் டயருக்குள்ளும் டியூப் பட்டை.