ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஓடும் ஒயர்

என் பழைய ஸ்பீக்கர்களின் உள் ஒயரை மாற்றுவதற்காக ரிச்சி தெருவில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெட்டிக்குள் ஒயரின் நீளம் போகவர 2 மீட்டரைத் தாண்டாது, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அதன் மின்தடை ஏறத்தாழ 0.023 ஓம் மட்டுமே என்பதால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒலியைத் தாழ்சுருதி, உச்சசுருதி எனப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள காயிலின் தடையே பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே தடை இன்னும் சற்றுக் குறைவான வெள்ளி ஒயரை நான் நாடவில்லை.

எனக்குக் கவலை தந்தது வேறு. முதலில் வாங்கிய ஒயரின் இழையைச் சுரண்டிப் பார்த்தபோது, செம்புப் பூச்சுக்கு அடியில் அலுமினியம் வெண்மையாகத் தெரிந்தது. அதே தடிமனுள்ள செம்பைவிட அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல், வளைத்தால் எளிதில் முறிந்தும் போகும். மேலும், கடற்காற்றும் ஈரப்பதமும் நிறைந்த நம் சென்னையில் வெறும் செம்பின் நுனிகள் நாளடைவில் கறுத்துப் பச்சை பூத்துவிடுகின்றன. அதனால் ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசிய, மெல்லிய பல இழைகள் கொண்ட செம்பு ஒயரையே தேர்ந்தெடுத்தேன். சால்டரிங் சூட்டில் சுருங்காத சிலிக்கோன் உறை அதற்கு இருந்தது பெரும் நிம்மதி. உச்சசுருதி ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு 0.75 சதுர மில்லிமீட்டரே தாராளம்.