215 போதும் என்று ஏன் சொல்கிறேன்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்க ஆரம்பிக்கிற கேள்வி, இதற்கு எவ்வளவு அகல டயர் உட்காரும் என்பதுதான். போடலாமா வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை. அகலம் கூடினால் பிடிமானம் கூடும், பிடிமானம் கூடினால் கார் நன்றாக ஓடும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. யோசிக்க நிறைய இருக்கிறது. நான் டொயோட்டா 86 ஓட்டுகிறவன், அதனால் அந்தக் காரை வைத்தே பேசுகிறேன். எனக்குப் பிடித்த கார் என்பது ஒரு பக்கம், டயர் அகலத்தைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான கார் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

2012ல் இதன் முதல் தலைமுறையான ஜிடி86 விற்பனைக்கு வந்தபோது இரண்டு லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், எடை சுமார் 1,240 கிலோ. சக்கரம் நான்கிலும் 215/45, 17 அங்குல மிஷெலின் பிரைமசி ஹெச்பி, அதாவது டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம். இதே டயர் ப்ரியஸ் காரிலும் போய்க்கொண்டிருந்தது! பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற குடும்பக் காரின் டயரைத் தூக்கி ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டுவிட்டார்கள், செலவைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். ஆனால் அது திட்டமிட்டுச் செய்த வேலை. அந்தக் காரின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா ஆரம்பத்திலேயே டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், பிடிமானம் அதிகமுள்ள டயரும் வேண்டாம் என்று மூன்றையும் தள்ளி வைத்துவிட்டுத்தான் காரையே வடிவமைத்தார். பின்சக்கரம் எந்த இடத்தில் பிடி விடுகிறது, விட்டதும் கார் என்ன செய்கிறது, அதை எப்படித் திரும்பப் பிடிப்பது என்பதையெல்லாம் சாதாரண ஓட்டுநர் 60, 70 கிலோமீட்டர் வேகத்திலேயே உணர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அப்புறம் அடுத்த தலைமுறை ஜிஆர்86 வந்தது. எஞ்சின் 2.4 லிட்டர், திறனும் முறுக்குவிசையும் கூடின. இப்போதாவது அகலத்தைக் கூட்டுவார்கள் என்று பார்த்தால் கூட்டவில்லை. 18 அங்குல சக்கரம் உள்ள வகைகளில் 215/40 மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4. அகலம் அதே 215. மாறியது ரப்பர். பத்து வருடம் எல்லாரும் அகலம் அகலம் என்று கேட்டும், காரைச் செய்தவர்கள் காம்பவுண்டை, அதாவது ரப்பர் கலவையை, மட்டும் மாற்றி அகலத்தை அப்படியே விட்டார்கள் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, அகல டயர் உண்மையில் என்ன செய்கிறது?

உராய்வு பரப்பைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ரப்பர் அந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படுவதில்லை, ஆனால் அதை வைத்துத் தொடங்கினால் ஒன்று புரியும். 86ல் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 310 கிலோ உட்காருகிறது. டயரில் 35 பிஎஸ்ஐ காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையைக் காற்றழுத்தம்தான் தாங்குகிறது என்று கணக்குப் போட்டால் தரையில் பதிகிற இடம் சுமார் 126 சதுர சென்டிமீட்டர் வரும், ஏறக்குறைய ஒரு உள்ளங்கை. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்கும், அதனால் துல்லியமான எண் இல்லை, ஆனால் அளவு அதுதான். இப்போது 215ஐக் கழற்றிவிட்டு 245 போடுங்கள். எடை அதே, காற்று அதே. அப்படியென்றால் பதிகிற பரப்பும் ஏறக்குறைய அதே. மாறுவது அதன் வடிவம்தான். 19 சென்டிமீட்டர் அகலமும் ஆறரை சென்டிமீட்டர் நீளமுமாக இருந்தது, 22 சென்டிமீட்டர் அகலமும் ஆறுக்கும் குறைவான நீளமுமாக மாறுகிறது. அகல டயர் போட்டதும் தரையில் நிறைய ரப்பர் படும் என்று நினைக்கிறவர்கள் காற்றைக் குறைக்காதவரை அது நடக்காது என்பதைக் கவனிப்பதில்லை. அதே கணக்கில் 30 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு 147 ஆகிறது. அகல டயர் குறைந்த அழுத்தத்திலேயே அந்த எடையைத் தாங்கும் என்பதால் இறக்க இடமும் கொடுக்கிறது. அகலத்தால் வருகிற லாபத்தில் பெரிய பங்கு இங்கேதான்.

இன்னொரு பங்கு ரப்பரின் குணத்திலிருந்து வருகிறது. ரப்பரின் மேல் சுமையை இரண்டு மடங்காக்கினால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகத்தான் கூடும். வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது, அவை திணறுகின்றன, உள்பக்கச் சக்கரங்கள் சும்மா சுற்றுகின்றன. கார் எவ்வளவு கனமோ அவ்வளவு திணறல். டயரை அகலமாக்கி அந்தச் சுமையைப் பரப்பினால் திணறல் குறையும், சூடும் பரவும், அதனால் இன்னும் மென்மையான ரப்பரைப் போட்டாலும் ஒரே நாளில் தேய்ந்து போகாது. கனமான, திறன் மிகுந்த காருக்கு இது நிஜமான உதவி. 2014ல் வந்த ஷெவர்லே கமாரோ இசட்/28 அதற்கு நல்ல உதாரணம். ஏழு லிட்டர் எஞ்சின், 505 குதிரைத்திறன், 1,700 கிலோவுக்கு மேல் எடை. முன்னும் பின்னும் 305 அகல டயர். அதில் வந்த டயருக்கு எவ்வளவு பிடிமானம் என்றால், சோதனை ஓட்டத்தில் டயர் தரையை விடாமல் பிடித்துக்கொள்ள, உள்ளே ரிம் தனியாக வழுக்கிச் சுற்றியது. கடைசியில் டயர் உட்காருகிற இடத்தில் ரிம்மைச் சொரசொரப்பாக்கித்தான் அதை நிறுத்தினார்கள். அந்தக் காருக்கு 215 போடச் சொன்னால் நான் பைத்தியக்காரன்.

ஆனால் 86 அந்தக் கார் இல்லை. ஐந்நூறு கிலோ குறைவு, திறன் பாதிக்கும் குறைவு. அகல டயரைச் சூடாக்கவே இந்தக் காரிடம் சரக்கு போதாது. டயர் சூடேறாமல் மென்மையான ரப்பரும் வேலை செய்யாது. மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடத்தில், சொந்தக் காரை ஓட்ட விடுகிற ட்ராக் நாளில் இதைப் பார்க்கலாம். அங்கே ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், நீளமான நேர்பாதைகள் இரண்டு. 245ம் 255ம் போட்ட 86கள் வளைவில் நன்றாகத்தான் போகின்றன, நேர்பாதையில் மூச்சு வாங்குகின்றன. சக்கரம் கனம், சுற்றவைக்கத் திறன் செலவு, காற்றை எதிர்க்கிற பரப்பும் கூட.

காற்றின் கதை பழையது. லம்போர்கினி கௌண்டாச் 1974ல் வந்தபோது பின்சக்கரம் 215 அகலம்தான். கோடீஸ்வரர் வால்டர் வுல்ஃப் தன்னுடைய காரில் மிக அகலமான பிரெல்லி பி7 போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அதிலிருந்து 1978ல் எல்பி400 எஸ் பிறந்தது, பின்னால் 345! பார்க்கப் பிரமாதம், உலகம் முழுக்கப் பையன்களின் சுவரில் ஒட்டிய வடிவம் அதுதான். ஆனால் அகல டயரும் அதை மூடப் போட்ட ஃபெண்டரும் காற்றில் இழுத்தன. எஞ்சினின் திறனும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள், எல்லாம் சேர்ந்து உச்சவேகம் முந்தைய காரைவிட இறங்கியது. ஃபார்முலா ஒன்னில் 2017ல் முன் டயர் 245லிருந்து 305க்கும் பின் டயர் 325லிருந்து 405க்கும் போனது. 2026 விதிகளில் முன்னால் 25 மில்லிமீட்டரும் பின்னால் 30 மில்லிமீட்டரும் குறைத்திருக்கிறார்கள், காற்றுத்தடையும் எடையும் குறையட்டும் என்று.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியம் ஸ்டியரிங். இதைத்தான் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் இதற்கு எண் கிடையாது. தரையில் படுகிற பதிவு நீளமாக இருக்கிற குறுகல் டயர் பிடி விடுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் விடும், கையில் ஸ்டியரிங்கின் கனம் மெல்லக் குறையும், அப்போதே தெரிந்துவிடும் இதற்கு மேல் போகக் கூடாது என்று. அகலமும் நீளக்குறைவுமான பதிவு சட்டென்று திரும்பும், அது உண்மை, முதல் ஐந்து நிமிடம் அந்தச் சுறுசுறுப்பு பிரமிக்க வைக்கும். ஆனால் பிடிமானம் உச்சத்தைத் தொட்டதும் சீக்கிரம் விழும், முன்னறிவிப்பும் குறைவு. அதோடு சாலையில் லாரிச் சக்கரம் போட்ட பள்ளத்தின் வழியே காரை இழுத்துக்கொண்டு போகிற தொந்தரவு வேறு. நண்பர் ஒருவரின் 86ல் 245 போட்டிருக்கிறார். கெந்திங் மலைப்பாதையில் அதை ஓட்டியிருக்கிறேன். வேகம் கூடியிருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வளைவில் என் கார் பேசுகிற அளவுக்கு அது பேசவில்லை. பொதுச்சாலையில் அதன் எல்லையைத் தொட வேண்டுமானால் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டும், நான் போகவில்லை.

அப்புறம் மழை. கோலாலம்பூரில் மத்தியானத்துக்கு மேல் கொட்டுகிற மழையில் காராக் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த எளிய கணக்கு ஒன்று உண்டு, காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 94 கிலோமீட்டர். தண்ணீர் டயரின் வரிப்பள்ளங்களின் ஆழத்தை மீறித் தேங்கியிருக்கும் நிலைக்கான கணக்கு இது, சாதாரண ஈரச்சாலைக்கு அல்ல. பதிவின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பிறகு சேர்த்தார்கள். பதிவு அகலமாகி நீளம் குறைந்தால் மிதக்கும் வேகம் இறங்கும். அகல டயர் போட்டு, அழுத்தத்தையும் இறக்கி, தேய்ந்த ட்ராக் டயரோடு வீடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ராலிக்காரர்கள் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். தார்ச்சாலைக்கு 18 அங்குலச் சக்கரமும் அகல டயரும், அதே கார் மண்பாதைக்குப் போனால் 15 அங்குலச் சக்கரமும் குறுகல் டயரும், ஸ்வீடன் பனிக்கு ஆணி பதித்த ஒல்லி டயர், பனியைக் கிழித்துக் கீழே உள்ள கெட்டிப் பனிக்கட்டியைப் பிடிப்பதற்கு. எந்தத் தரை என்று கேட்காமல் அவர்கள் அகலத்தைப் பேசுவதே இல்லை.

மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 1989ல் 185 அகலத்தில் வந்தது. 2015ல் வந்த நான்காம் தலைமுறையின் ஒன்றரை லிட்டர் வகைக்கு 195. கால் நூற்றாண்டில் 10 மில்லிமீட்டர். அந்தக் காரை ஓட்டிவிட்டு டயர் போதவில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி 86 வைத்திருந்து, எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்று கை அரிப்பவர்களுக்கு. முதலில் அதே 215ல் நல்ல ரப்பர் போடுங்கள். பிரைமசியிலிருந்து பைலட் ஸ்போர்ட் வகைக்குப் போனாலே கார் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும், செலவும் ஒரு செட் டயரோடு முடிந்துவிடும், ரிம் மாற்ற வேண்டாம். அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம். முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர், சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது. கார் வளைவில் சாயும்போது டயரின் முழு அகலமும் தரையில் படியாவிட்டால் 245 வாங்கியும் வெளி ஓரத்தில் மட்டும்தான் ஓட்டப்போகிறீர்கள், தேய்மானத்தைப் பார்த்தாலே தெரியும். பின்னால் மட்டும் அகலமாக்காதீர்கள், இந்தக் கார் நான்கும் ஒரே அளவு என்று வைத்துச் சமன் செய்யப்பட்டது, பின்பக்கம் மட்டும் கூட்டினால் முன்பக்கம் திரும்ப மறுக்கும்.

அதற்கு மேலும் ட்ராக்கில் நேரம் குறைக்கத்தான் வேண்டும் என்றால் 225/45 பழைய ஜிடி86ன் 7 அங்குல ரிம்மிலேயே உட்காரும், சக்கர விட்டம் 9 மில்லிமீட்டர் கூடும், கியர் ஒன்றரை சதவீதம் அளவுக்கு நீளமாகும், அதாவது எஞ்சின் அதே அளவு சுற்றினால் கார் அவ்வளவு கூடுதல் தூரம் போகும், அவ்வளவுதான். 245/40 விட்டத்தில் பொருந்துகிறது என்பதற்காக அதே ரிம்மில் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டயருக்கு 8 அங்குலமாவது ரிம் வேண்டும். குறுகல் ரிம்மில் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் டயர் ரிம்மின் மேல் ஆடும், காசு கொடுத்து வாங்கிய அகலம் எதற்கும் உதவாது. கடைக்காரர் மாட்டித் தருவார். மாட்டுவதற்கு முன் ரிம்மின் அகலம் என்ன என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.