வாடகை போக என்ன மிச்சம்?

யாருக்கு வீடு தேவை என்று கணக்கெடுக்க வருபவர்கள் கூரையையும் சுவரையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நாட்டின் நகரங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் நெரிசலால் வந்தது; கல்யாணமான ஜோடிக்குத் தனி அறை இல்லாத குடும்பங்கள். கடலூரிலும் அப்படித்தான். வெளியே கான்கிரீட் வீடு, உள்ளே ஒரே கூடத்தில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், வயதான அம்மா. தெருவில் நின்று பார்த்தால் குறையே தெரியாது.

அப்புறம் வாடகை. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் கட்டுப்படியாகும் என்பது பொதுவான அளவுகோல். ஒரு லட்சம் வாங்குபவருக்கு 30 ஆயிரம் போனாலும் 70 ஆயிரம் மிச்சம். 10 ஆயிரம் வாங்குபவருக்கு 3 ஆயிரம் போனால்? அரிசி, மருந்து, பள்ளிச் செலவெல்லாம் மீதி 7 ஆயிரத்துக்குள். சதவீதம் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் ஒருவரிடம் "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டு என்ன பயன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வாடகைக்குத் தடைக்காலம் கிடையாதே. அந்த இரண்டு மாத வாடகையை எப்படிக் கட்டினீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருக்கும் கடலூர், புதுச்சேரி நண்பர்களே, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.