9 புள்ளடி குறைந்த பிறகு

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா பிரதேச சபைக்கு ஒரு சுயேச்சைக் குழுவில் நின்று எங்கள் வட்டாரத்தில் 9 வாக்கில், அதாவது 9 புள்ளடி (சீட்டில் போடும் X குறி) குறைந்து, தோற்றேன். வாக்குப் போட்ட பள்ளிக்கூடத்திலேயே எண்ணுவதால் இராச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்குத் தெரிந்துவிட்டது. நிராகரித்த சீட்டு மட்டும் 31. அவற்றை மறுபடி பார்க்கச் சொன்னோம். பார்த்தார்கள், எதுவும் மாறவில்லை.

மறுநாள் தையல் கடையைத் திறக்கவில்லை. நன்றி நோட்டீஸ் அடிக்கலாம் என்று தம்பிமார் சொன்னார்கள். அந்தக் காசுக்கு ஒரு லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இருக்கும் ஒரு வரிசை வீடுகளுக்கு, சீனி வாங்கிக் கொடுக்கலாம். கேட்க நேரில் போனவள் நன்றி சொல்லவும் நேரில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

போவதில்தான் சிக்கல். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், ஆனால் அங்கே போய்ப் பேசினால் தோட்டத்தில் பிரச்சினை வரும். கொழுந்து நிறுத்து, குளித்து, அடுப்பு மூட்டிய பிறகு, அதாவது 6 மணிக்கு மேல்தான் லயத்துக்குப் போக முடியும். மழை தொடங்கியிருந்தது, அட்டைக் கடி வேறு. சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில், யாத்திரை சீசன் கடைகளில் நிற்கும் பையன்கள் வெசாக் முடிந்துதான் வந்தார்கள். அவர்களுக்காக மேல் டிவிசனுக்கு இரண்டாம் தடவை ஏறினேன்.

யார் போட்டார், யார் போடவில்லை என்று தெரியாது. அதனால் ஒரு கதவையும் விடவில்லை. வென்றவரின் மாமியார் வீட்டிலும் பிளேன்டீ குடித்தேன். சீனி தூக்கலாகவே போட்டிருந்தார்கள்.

கடைசி லயத்தில் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கும் போட்டேன் புள்ள, அந்தப் பயலுக்கும் போட்டேன். ரெண்டு பேரும் நம்ம புள்ளைங்கதானே, மனசு நோகக் கூடாதுல்ல" என்றார். அந்த 31இல் ஒன்று இது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தொண்டை அடைத்தது. பாட்டியைக் குறை சொல்ல முடியுமா? உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது. கட்சி, குழு, சின்னம் மட்டும்தான். நானோ வீடு வீடாக என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, ஒரே ஒரு புள்ளடி, இந்தச் சின்னத்துக்கு நேரே என்று மாதிரிச் சீட்டை வைத்து எத்தனை வயசாளிகளுக்குக் காட்டினேன்? கடைசி இரண்டு நாள் பிரசாரம் செய்யக் கூடாது என்பதை மறந்து, அதை அந்த நாட்களுக்குத் தள்ளி வைத்திருந்தேன். பாட்டிக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எல்லா வீட்டிலும் வந்த கேள்வி, "அப்போ நாங்க போட்டது வீணா?" என்பதுதான். வீணில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த கலப்பு முறையில் ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்துக்கு, 40 வீதம் பட்டியலுக்கு. தோற்ற வட்டாரத்து வாக்கும் குழுவின் மொத்தக் கணக்கில் சேரும். அப்படிச் சேர்ந்து எங்கள் குழுவுக்கு ஒரு ஆசனம் கிடைத்தது. அது எனக்கு வரவில்லை, கீழ்த் தோட்டத்து அக்காவுக்குப் போனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இதை விளக்கியதும் பல வீடுகளில் முகம் மாறியது. 2018இல் சட்டத்தைத் திருத்தும் வரை தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கவே வழியில்லாமல் இருந்ததால், சபை என்றால் நமக்கு எதற்கு என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி வென்றவர், தோற்றவர் எல்லோரும் 21 நாளுக்குள் வரவு செலவைக் காட்டியாக வேண்டும். யார் எவ்வளவு தந்தார் என்பதும் அதில் வரும். பெட்ரோல் பில் ஒன்றைத் தேடி அரைநாள் போனது. பிறகு ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னொன்று.

திரும்பி வரும்போது அந்தக் கீழ்த் தோட்டத்து அக்காவின் வீட்டில் இறங்கினேன். பாட்டியின் லயத்துக்குப் பின்னால் உடைந்து கிடக்கும் கானை (வடிகாலை) போனில் எடுத்து வைத்திருந்தேன். படத்தைக் காட்டி, முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள் அக்கா என்றேன்.